இருபத்திநாலாம் தேதி வரைக்கும்

"உங்க ரத்தம் எனக்கு இன்னிக்கே வேணும்ணா."

கேட்டேவிட்டாள். ரத்ததான அறக்கட்டளையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அமல்ராணிக்கு அழுத்திச் சொன்னது இந்த ஒன்றைத்தான். நடிகரின் ரசிகர் மன்றத்துக்காரர்களிடம் பந்தல் போட ஆள் கேள், வேன் கேள், பசை வாளியோடு நோட்டீஸ் ஒட்ட வா என்று கூப்பிடு, வருவார்கள். நடிகரின் பிறந்தநாளுக்கு முந்தின மூன்று மாதத்தில் ரத்தம் மட்டும் கேட்காதே. ஒருமுறை கொடுத்த ஆண் அடுத்த தொண்ணூறு நாளைக்குக் கொடுக்கக் கூடாது. இப்போது கொடுத்துவிட்டால் மே இருபத்திநாலாம் தேதி முகாமில் படுக்க முடியாது. அந்த ஒரே நாளில் மாவட்டம் முழுக்க ஐயாயிரம் பேர் படுக்க வேண்டும். அதுதான் விளம்பரம், அதுதான் சாதனை. இன்றைக்கு மே ஐந்தாம் தேதி.

வல்லரசு மவுசிலிருந்து கையை எடுத்தார். திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே பிளெக்ஸ் பேனர் அடிக்கிற கடை அவருடையது. மன்றத்தின் ஒன்றியச் செயலாளர். அவர் வாயில் நடிகரின் பெயர் வராது, 'அண்ணன்'தான். அமல்ராணிக்கு அவரைப் பற்றி முக்கியமாகத் தெரிந்தது வேறொன்று: பி நெகட்டிவ்.

"இன்னா தங்கச்சி, நீயே இப்டி கேட்டா எப்டி? போன மாசம் நீதான போன் போட்டு, 'பத்திரமா வச்சிருங்கண்ணா, இருபத்திநாலாம் தேதி வரைக்கும் யாரு கேட்டாலும் குடுத்துடாதீங்க'ன்ன? எங்க மாமியாருக்கு ஆப்பரேசன்னு கேட்டாங்க. அதுக்கே ஓடி ஒளிஞ்சிக்கினு இருந்தேன். மூணு நாளா வூட்ல எனக்கு சோறு போடல."

சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் பக்கத்து டீக்கடைக்கு இரண்டு விரலைக் காட்டினார். கெட்டவர் இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இந்த வருஷம் நடிகரே விழுப்புரத்துக்கு நேரில் வருகிறார். முதல் கட்டிலில் யார் படுப்பது என்று ஒன்றியங்களுக்குள் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் திண்டிவனத்துக்கு விழுந்திருக்கிறது. பதினோரு வருஷமாகக் கொடியும் தோரணமும் கட்டியவனுக்கு ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் அண்ணன் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொள்வார் என்று சொன்னபோது அவர் குரல் ஒரு மாதிரி இறங்கியது. "வேற யாருனா இருந்தா பாரேன் தங்கச்சி."

வேறு யாரும் இல்லை. அவள் பட்டியலில் பி நெகட்டிவ் ஐந்து பேர். ஒருவர் போன மாதம் ஒரு பிரசவத்துக்குக் கொடுத்தவர், ஒருத்தி இப்போது கர்ப்பிணி, ஒருவர் பெங்களூர் போய் நம்பரை மாற்றிவிட்டார், ஒருவருக்கு டைபாய்டு. ஐந்தாவது ஆள் எதிரே உட்கார்ந்து டீயை அவள் பக்கம் நகர்த்துகிறார்.

"எந்தங்கச்சிக்குண்ணா. ரோஸ்லினுக்கு."

"ரோஸ்லினா? நம்ம ரோஸ்லினா?" அவர் எழுந்தேவிட்டார். பின்னால் மிஷினிலிருந்து ஈரம் காயாமல் இறங்கிக்கொண்டிருந்த பேனரைத் திரும்பிப் பார்த்தார். நடிகர் ஒரு சிறுமியின் தலையில் கை வைத்திருக்கிறார். சிறுமிக்குக் கன்னத்தில் குழி, கையில் ஒரு பிளாஸ்திரி. 'ரோஸ்லின் நாளைக்கும் சிரிக்க வேண்டாமா?' என்று அடியில் சிவப்பு எழுத்து. "பாப்பா உன் தங்கச்சியா? சொல்லவே இல்ல பாரு! டெய்லி இந்த மூஞ்சியத்தான பிரிண்ட் அடிச்சிக்கினு இருக்கேன். எம்பொண்ணு மாதிரி எனக்கு அது, தங்கச்சி."

அமல்ராணி போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். காட்டவே கூடாதது அதுவும்தான். கேட்டதற்குப் பிறகு காட்டுவதில் என்ன இருக்கிறது? படத்தில் பதினாறு வயசுப் பெண், பார்த்தால் பதினொன்று சொல்லலாம். பிறவியிலேயே ரத்தம் சரியாக ஊறாத உடம்பு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவருடைய ரத்தத்தை ஏற்றினால்தான் நடமாட்டம். ஊறாத ரத்தத்தை ஊறவைக்க எலும்பு முட்டிமோதியதில் நெற்றி புடைத்து, கன்னத்து எலும்பு தள்ளி, மூக்கு உள்ளே போய்விட்டது. ஏற்றின ரத்தத்தின் இரும்பெல்லாம் சேர்ந்து தோலைக் கரிய வைத்துவிட்டது. பல் வரிசை விலகியிருந்தது. அந்தப் பல்லைக் காட்டித்தான் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது யாரு?"

"இதாண்ணா ரோஸ்லின்."

"அப்ப இது?" பேனரைக் காட்டினார்.

"அது விழுப்புரத்துல கான்வென்ட்ல படிக்கிற பொண்ணு. ஒரு நோவும் இல்ல."

வல்லரசு படத்தையும் பேனரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு தன் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் கிருஷ்ணவேணி மேடம், அறக்கட்டளையின் செயலர், அமல்ராணிக்குச் சம்பளம் கொடுப்பவர். "மேடம், நம்ம ரோஸ்லின் பாப்பா எப்டி இருக்குது?"

"நல்லா இருக்கா வல்லரசு. போன வாரம்தான் ரத்தம் ஏத்தினோம். மேடைக்கு வரா, நீங்களே பாப்பீங்க. ஏன்?"

"சும்மாதான் மேடம், ஒரு ஞாபகம்."

போனை வைத்தார். கோபம்கூட இல்லை அவர் முகத்தில், வருத்தம்தான். "கொழந்த பேரச் சொல்லி ஏமாத்தாத தங்கச்சி. பாவம் புடிக்கும்."

சண்டை போடத்தான் போயிருந்தாள். சண்டைக்கு வாய் வரவில்லை. டீயைக் குடிக்காமல் வெளியே வந்து விழுப்புரம் பஸ்ஸில் ஏறி, வெயில் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அறக்கட்டளை அனுப்பிய படக்காரர்கள் முதலில் அவர்கள் ஊர் முகையூருக்குத்தான் வந்தார்கள். ரோஸ்லின் கிறிஸ்துமஸ் கவுனைப் போட்டுக்கொண்டு நின்றாள். அதைக் கழற்றிவிட்டுப் பழசு ஏதாவது போடச் சொன்னார்கள். வேர்க்கடலை விதைத்த மல்லாட்டைக் கொல்லையில், மாதா சிலை இருக்கும் கெபி பக்கத்தில், வீட்டு வாசலில் என்று மூன்று மணி நேரம் எடுத்தார்கள். சென்னையிலிருந்து வந்தவன் கேமராவையே பார்த்துக்கொண்டு, "ஃபேஸ் வொர்க் ஆகல" என்றான், யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது என்று நினைத்து. அமல்ராணி அப்போதுதான் டிகிரி முடித்திருந்தாள், அந்தக் குடும்பத்தில் காலேஜ் படி மிதித்த முதல் ஆள். கையெழுத்துக் கேட்ட காகிதத்தை அப்பா அவளிடம்தான் நீட்டினார். அவள் படித்தாள். தேவைப்பட்டால் வேறொருவரை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம், பெயரும் கதையும் இதுவே இருக்கும் என்று நான்காவது வரியில் இருந்தது. படித்துவிட்டுத்தான், "போடுப்பா" என்றாள். அடுத்த மாதமே அவளுக்கு அங்கே வேலை கிடைத்தது.

போன கிறிஸ்துமஸுக்கு அக்காவும் தங்கையும் பஸ்ஸில் போகும்போது பக்கத்து சீட்டு அம்மாள் ஒருத்தி பேனரைப் பார்த்து, "அய்யோ பாவம், தங்க விக்கிரகமாட்டம் இருக்குது, அதுக்குப் போயி இப்டி ஒரு நோவா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்துவிட்டுத் திரும்பினவள் ரோஸ்லினைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு முன் சீட்டுக்குப் போய்விட்டாள்.

பட்டியலில் டைபாய்டு என்று சொன்ன, காணை ஊர்க்காரர் கிருஷ்ணசாமி மூன்று வாரத்துக்கு முன்னால் அவராகவே போன் செய்திருந்தார். மகனுக்கு முதல் பிறந்தநாள், கேக் வெட்டுவதற்குப் பதில் ரத்தம் கொடுக்கலாம் என்று ஆசை, எங்கே வரணும் என்று கேட்டார். அமல்ராணி வேலையில் கெட்டிக்காரி. தேனாகப் பேசினாள். "இன்னும் கொஞ்ச நாள்தான் சார், இருபத்திநாலாம் தேதி வரைக்கும் வச்சிருங்க, நடிகர் கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட் கிடைக்கும்." அன்றைக்கு வரச் சொல்லியிருந்தால் அந்தப் பை இன்றைக்கு ஐஸ் பெட்டியில் இருந்திருக்கும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இனியும் சொல்லப்போவதில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா லூர்துநாதன் சுவரோரம் குந்தியிருந்தார். மகளைப் பார்த்ததும் எழுந்து வேட்டியைத் தட்டினார்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"கேக்காதன்னு தலையால அடிச்சிக்கினேனேம்மா. ஒம்போது வருசமா அறக்கட்டளக்காரங்க குடுத்துக்கினு வராங்க. கைநீட்டி வாங்குறவங்க நாம. நாளைக்கி மூஞ்ச திருப்பிக்கினா யாருகிட்ட போய் நிப்ப?"

"இப்பயும் யாருகிட்டயும் நிக்கலியேப்பா. சுவத்துகிட்டதான் நின்னுகினு இருக்கோம்."

அவர் பேச்சை மாற்றினார். டாக்டர் இரண்டாம் முறையாக வந்து போனாராம். பாண்டிச்சேரியிலும் கடலூரிலும் கேட்டாயிற்று, அந்த குரூப் இல்லை. காலேஜெல்லாம் லீவு, முகாமே நடக்கவில்லை. இன்னும் இரண்டு நாள் தாண்டினால் இதயம் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ரோஸ்லின் மூச்சுக்காகத் தலையணையை உயர்த்தி வைத்துப் படுத்திருந்தாள். உதடு வெள்ளையாக இருந்தது. அக்கா சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"பேனர்ல இருக்கற பொண்ணுக்கு ரத்தத்துல எச்பி எவ்ளோ இருக்கும்க்கா?"

"பன்னெண்டு, பதிமூணு இருக்கும்."

"எனக்கு நாலு புள்ளி ஆறு. கூட்டி ரெண்டால வகுத்தீனா..." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எட்டு புள்ளி எட்டு. ரெண்டு பேருமே பொழச்சிக்கலாம்." பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "அவ நல்லாதான்க்கா சிரிக்கிறா. நானா இருந்தாலும் அவளுக்குத்தான் குடுப்பேன்" என்றாள்.

அமல்ராணி அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. மதியம் ஒன்றரைக்கு அறக்கட்டளை அலுவலகத்தில் இருந்தாள்.

கிருஷ்ணவேணி மேடம் கதவைச் சாத்தச் சொன்னார். வல்லரசு ஏன் போன் செய்தார் என்று அதற்குள் ஊகித்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தாள், அவர் திட்டவில்லை. தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார்.

"போன வாரம் ஏத்துனோம்னு சொன்னீங்க மேடம். மூணு நாளா நான் உங்ககிட்ட சொல்லிக்கினுதான் இருக்கேன்."

"வேற என்ன சொல்லச் சொல்ற? ஐயாயிரம் பேருக்கு ரோஸ்லின் நல்லா இருக்கணும் ராணி. அவ சாகப் பொழைக்கக் கிடக்கறான்னு தெரிஞ்சா, நாம குடுத்ததெல்லாம் எங்க போச்சுன்னு கேப்பாங்க." மேசையில் கிடந்த காகிதங்களை அடுக்கினார். "உன் தங்கச்சி படத்த நான் போடலன்னு நெனைக்காத. ரெண்டையும் போட்டுப் பாத்தேன். கண்டமங்கலத்துல உன் தங்கச்சி படம், முப்பத்தோரு பேரு வந்தாங்க. அந்தப் பொண்ணு படம் போட்ட எடத்துல இருநூத்தி நாப்பது. நான் பண்ணது தப்புன்னா, அந்த இருநூத்தி நாப்பது பேரு குடுத்ததும் தப்பா? சொல்லு."

அமல்ராணிக்கு இது புதிதில்லை. அந்தக் கணக்கைத் தட்டச்சு செய்ததே அவள்தான். அதோடு சேர்த்து இன்னொரு கடிதமும் அடித்திருக்கிறாள்: போன வருஷம் பிறந்தநாளில் சேர்ந்த பைகளில் அறுநூற்றுப் பதினாறு, நாற்பத்திரண்டு நாள் கெடு முடிந்து கொட்டப்பட்டன. ஒரே நாளில் வந்தால் ஒரே நாளில்தான் கெடும். அதைச் சொன்னாள்.

"தெரியும். ஆனா நம்பர் இருந்தாத்தான் நடிகர் வருவார். நடிகர் வந்தாத்தான் மத்தது." மேடம் குரலைத் தாழ்த்தினார். "வல்லரசுகிட்ட நான் சொன்னா இன்னிக்கே குடுப்பாரு. அன்னிக்கு முதல் கட்டில்ல சும்மா படுக்க வச்சி, போட்டோ எடுத்துக்கலாம். ஆனா நீ எனக்கு ஒண்ணு பண்ணணும். இருபத்திநாலாம் தேதி பேனர்ல இருக்கற அந்தப் பொண்ணு கையப் புடிச்சிக்கினு மேடைக்கு வா. 'இவ என் தங்கச்சி ரோஸ்லின்'னு ஒரு வார்த்த. உன் தங்கச்சிக்கு மூணு வாரத்துக்கு ஒருக்கா, நான் இருக்கற வரைக்கும், தட்டாம வரும்."

மறுத்துப் பேசத்தான் நாக்கு துடித்தது. தங்கையின் வெள்ளை உதடு கண் முன்னால் நின்றது.

"சொல்றேன் மேடம். மொதல்ல போன போடுங்க."

மேடம் போட்டார். ரோஸ்லினுக்குத் திடீரென்று முடியாமல் போய்விட்டது, அக்காக்காரி சொன்னது நிஜம்தான், படம்தான் ஏதோ மாறிவிட்டது என்றார். வல்லரசின் குரல் போனிலிருந்து வெளியே வழிந்தது. "அய்யோ, பாப்பாவுக்கா? வண்டிய எடுத்துட்டேன் மேடம், ஜல்தி வந்துடறேன்." கடை ஷட்டர் இறங்குகிற சத்தம்கூடக் கேட்டது.

மேடையில் பேச வேண்டியதை மேடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அதனுடன் வழக்கமான பட்டியலையும் கொடுத்தார், இன்னும் அறுபத்து மூன்று பேருக்குச் சொல்ல வேண்டும், தேதி வரை யாரும் கொடுத்துவிடாதபடி. அமல்ராணி தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். டயல் செய்யவில்லை. தேதி வரை காத்திருங்கள் என்று இதே நாற்காலியிலிருந்து அவள் சொன்னது கொடுக்கிறவர்களிடம் மட்டும் இல்லை. போன மே மாதத்தில் அம்மணி என்று ஒரு தாய் மூன்று நாள் விடாமல் கூப்பிட்டாள், மகனுக்கு ஓ பாசிட்டிவ் வேண்டும் என்று. 'இருபத்திநாலுக்கு அப்புறம் கூப்பிடுங்கம்மா' என்று மூன்று நாளும் சொன்னாள். நான்காம் நாள் போன் வரவில்லை. தொந்தரவு விட்டது என்று அன்றைக்கு நினைத்தது இப்போது ஞாபகம் வந்தது. கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

நாலே காலுக்கு அப்பா போன் செய்தார்.

"குடுத்துட்டாரும்மா. டெஸ்ட்டு முடிஞ்சி ராவுக்குள்ள ஏத்திடுவாங்களாம். மாதாவே கண்ணத் தொறந்தா."

"கெளம்பிட்டாரா?"

"பாப்பாவப் பாக்கணும்னாரு. கூட்டிக்கினு வந்தேன். எங்கன்னாரு. இதோன்னு காட்டினேன்." அப்பா வார்டை விட்டு வெளியே வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. "ரொம்ப நேரம் நின்னாரும்மா. ரத்தம் குடுத்தவங்களுக்கு ஒரு பிஸ்கட்டு பாக்கெட்டு, ஜூஸ் டப்பா குடுப்பாங்க இல்ல, அத பிரிக்காம கையிலயே வச்சிருந்தாரு. அவ தலமாட்டுல வச்சிட்டுப் போய்ட்டாரு."

அவள் போனை வைத்தாள். பட்டியலை எடுத்து முதல் நம்பரை அழுத்தினாள்.

"சார், அறக்கட்டளையிலிருந்து பேசறேன். தேதி வரைக்கும் வச்சிருக்க வேணாம். நாளைக்கிக் காலையில பக்கத்துல இருக்கற ரத்த வங்கிக்குப் போய்க் குடுத்துடுங்க. ஆமா சார், நாளைக்கே. சர்டிபிகேட்டா? வராது சார்."

இரண்டாவது. மூன்றாவது. நான்காவது ஆள், "அப்ப அண்ணன் வர்லியா?" என்று கேட்டார். "அவரு வருவாரு சார். ஆஸ்பத்திரில கெடக்கறவங்களுக்குத்தான் அதுவரைக்கும் தாங்காது" என்றாள். ஐந்தாவது நம்பர் போய்க்கொண்டிருந்தபோது மேடம் வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"என்ன பண்ற ராணி?"

"வேலை பாக்கறேன் மேடம்."

"மேடைக்கு?"

"வரல."

மேடம் கத்தவில்லை. மூன்று வருஷத்தில் அவர் கத்தி அவள் கேட்டதே இல்லை. "இன்னிக்கு ஏறிடும். மூணு வாரம் கழிச்சி? அதுக்கு மூணு வாரம் கழிச்சி? உங்கப்பா வந்து நின்னா நான் என்ன சொல்லட்டும்? உன் ரோஷத்துக்கு அந்தப் புள்ள சாகணுமா?"

கேட்டது நியாயமான கேள்வி. முப்பத்தோரு பேர் வந்தார்கள் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். ரோஸ்லினின் நிஜ முகத்தைப் பார்த்துவிட்டு, கண்டமங்கலத்தில், முப்பத்தோரு பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதில் ஒருவனாவது பி நெகட்டிவா என்று யாரும் பார்த்து வைக்கவில்லை. இல்லாமலும் போகலாம்.

"தெரியல மேடம்" என்றாள். மேடைப் பேச்சுத் தாளை மேசை மேல் விட்டாள். பட்டியலை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். மேடம் வழியை மறிக்கவில்லை. ஆனால் விலகவும் இல்லை. தோள் உரசத்தான் வெளியே வர வேண்டியிருந்தது.

சாலையில் வெயில் இறங்கியிருந்தாலும் தார் இன்னும் கொதித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற பக்கமாக நடந்துகொண்டே அடுத்த நம்பரைப் போட்டாள். மணி அடிப்பதற்குப் பதிலாக நடிகரின் படத்துப் பாட்டு ஓடியது, குத்துப் பாட்டு, தவிலும் தாரையும் காதைக் கிழித்தன. போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பல்லவி முடிந்து திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தது. ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு உரசிப் போனது. பாட்டு சட்டென்று நின்றது.

"அலோ, யாருங்க?" பின்னால் நெல் அறுக்கிற மிஷினின் இரைச்சல். "ஒரு நிமிசம் இருங்க, ஒண்ணும் கேக்கல."

அவள் நடையை நிறுத்தாமல் காத்திருந்தாள். அந்தப் பக்கம், எங்கேயோ ஒரு கழனியில், அவன் வரப்போடு நடந்து தள்ளி வருகிறான் போலிருந்தது. மிஷின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கியது. அறுத்த நெல் தாள் மிதிபடுகிற சரசரப்பும், அவன் மூச்சு வாங்குவதும் கேட்டன.